செடியைப் பிடிக்கச் சொன்ன அக்கா

விஜயலெட்சுமி அக்காவைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஒன்றைச் செய் என்று யாராவது சொன்னால் அதைச் செய்யாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. பதுளைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கிற என் அப்பா சுந்தரலிங்கம், "கல்லாவில வந்து உட்காருடா" என்று சொல்லிச் சொல்லியே என்னை மலையேற வைத்துவிட்டார். இப்போது பண்டாரவளையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன அலுவலகம் போட்டிருக்கிறேன். நடந்து ஊர் பார்க்க வருகிறவர்களை ஊவா மலைகளில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது தொழில். "கிரிஷாந்தன் என்ன பண்றான்?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், அப்பா தலையை நிமிர்த்தாமல் "நடக்கிறான்" என்பார். மூன்று தலைமுறைக் கடைக்காரர் ஒருவரின் வாயில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

எழுதக் காரணம், மனசு ஒரு இடத்தில் உட்காரவில்லை. அவ்வளவுதான்.

அக்காவுக்கு நாற்பத்து நாலு வயது. பூனாகலைக்கு மேலே ஒரு தோட்டம். தோட்டத்தின் பேரைச் சொன்னால் அதை நடத்துகிற துரைக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் என் மேல் வராது, அக்கா மேல்தான் வரும். அதனால் பேர் வேண்டாம். பதினெட்டு வயதில் அங்கே பேர் பதிந்தவர். பேர் பதிவது என்றால், விடிந்ததும் பெரட்டுக்களத்தில் போய் வரிசையில் நிற்பது, கங்காணி கூப்பிடும்போது குரல் கொடுப்பது, அன்றைய வேலைக்குச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் விழுவது, பிறகு கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவது. பேர் இருக்கிறவரை தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் நிமிர்ந்து இருக்கலாம். பேர் வெட்டுப்பட்டால் அந்த இரண்டு காம்பரா அறையும் யாருடையது என்ற பேச்சு ஆபீசில் ஆரம்பமாகிவிடும்.

அக்காவின் பேர் அடிக்கடி அரைப்பேராக விழும். கொழுந்து குறைந்தால் அரை நாள் வேலை என்று எழுதுவது வழக்கம். ஆனால் இவருக்குக் கை குறைச்சல் இல்லை. கைவேகத்தில் அந்த டிவிசனிலேயே முதல் மூன்று பேரில் ஒருவர். குறைச்சல் காலில்தான். கால் நிற்காது. தன் நிரையை, தனக்கு விட்ட செடி வரிசையை, எடுத்துக்கொண்டு உச்சிக்குப் போனதும், பையோடு இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். அந்தப் பக்கமும் தேயிலைதான் இருக்கும். மறுநாளும் போய்ப் பார்ப்பார்.

"அந்தப் பக்கம் என்னா ஒன் மாமியா வீடா இருக்கு?" என்று பழைய கங்காணி ஒருமுறை கத்தினாராம்.

"மாமியா வீடா இருந்தா எட்டிப் பாப்பேனாங்க?" என்றாராம் அக்கா. அன்றைக்கும் அரைப்பேர்.

அவர் கணவர் வீரசிங்கத்துக்குக் கொழும்பில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். நல்ல மனிதர், சிரிக்காமல் நகைச்சுவை பேசுவார். அவர் எனக்குச் சொன்ன கதை இது: "கல்யாணம் முடிச்சு இவளக் கூட்டிட்டு வர்றப்ப, வழியில வேன் ரிப்பேரு. எறங்கி டயரப் பாத்துட்டுத் திரும்புறேன், பொண்ணக் காணோம். ஓடிட்டான்னே முடிவு பண்ணிட்டேன் தம்பி. பாத்தா, பட்டுச்சேலையோட மேட்டு மேல நிக்கிறா. என்னாடின்னா, இந்த ரோட்டு எங்க போயி முட்டுதுன்னு பாத்தேங்கிறா." இருபத்தோரு வருசம் கழித்தும் அந்த மேட்டைக் காட்டித்தான் மகள் மேனுஷாவைக் கேலி செய்வார், "ஒங்கம்மா எனக்குக் கெடைச்ச எடம்" என்று.

எனக்கு அக்கா கிடைத்தது பனிமூட்டத்தில். நான் தொழில் தொடங்கிய புதிது. இரண்டு வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பூனாகலைப் பக்கம் போய், கைப்போனில் உள்ள வரைபடத்தை நம்பி, வழியைத் தொலைத்துவிட்டேன். கை நீட்டினால் கை தெரியாத பனி. வந்தவர்களுக்கு முன்னால் வழி தெரிந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு ஒரே இடத்தை மூன்று முறை சுற்றினேன். மூன்றாவது முறை ஒரு குரல் கேட்டது. "என்னாங்க, நேர்த்திக்கடனா? இதே எடத்தச் சுத்திக்கிட்டு இருக்கீங்க."

அக்கா பையை ஒரு செடி மேல் வைத்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். சரிவு செங்குத்தாக இருந்தது. வந்தவர்களில் ஒருவர் பயந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து ஒரு தேயிலைச் செடியின் அடியில் வைத்தார். "இதப் பிடிச்சுக்கச் சொல்லுங்க தம்பி. மனுசன் கைவிட்டாலும் தேயிலச் செடி கைவிடாது." உண்மைதான். தேயிலையின் வேர் மலையின் வயிற்றுக்குள்ளே போயிருக்கும். மழையிலும் அட்டைக்கடியிலும் சறுக்கும்போது கொழுந்து எடுக்கிற பெண்களின் கை தானாகப் போய்ச் செடியைப் பிடிக்கும், யோசிக்கவே மாட்டார்கள். அன்றைக்கு ரோட்டில் எங்களை விட்டுவிட்டு அக்கா திரும்பி ஏறும்போது நேரம் போய்விட்டது. அரைப்பேர்.

அடுத்த வாரமே போய், என்னோடு வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். ஞாயிறும் பௌர்ணமிக்கு வருகிற போயா விடுமுறையும் என்று தொடங்கி, போன இரண்டு வருசமாக மாதத்தில் பாதி நாள் என்னோடுதான். ஆங்கிலம் வரவரப் பிடிபட்டது. "ஹோல்ட் த புஷ், மேடம், நோ ஃபியர்" என்று அவர் சொல்கிற விதத்துக்காகவே சிலர் திரும்பி வந்தார்கள். எனக்கு வருகிற நல்ல பேரில் முக்கால்வாசி அக்கா வாங்கித் தந்தது. அதைச் சொல்ல எனக்கு எப்போதும் ஒரு கடுகளவு எரிச்சல் உண்டு, இப்போதும் உண்டு.

போன ஆடி மாதம் தோட்டத்து ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள்: செப்டம்பர் ஒன்றாம் தேதி பெரட்டுக்கு வராவிட்டால் பேரை வெட்டிவிடுவோம். அக்கா என்னிடம் வந்து நேராகக் கேட்டார்.

"தம்பி, மாசச் சம்பளத்துக்கு என்னைய எடுப்பீங்கன்னா பேர விட்டுர்றேன். இல்லாட்டி ஒண்ணாந்தேதி பைய மாட்டிக்கிறேன். பாதிப் பாதி இனி நடக்காது."

"பேர் போனா வீடு?"

"நிரந்தர வேலன்னு கடுதாசி இருந்தா பண்டாரவளைல ஒரு ரூம் பாத்துக்கிருவேன். மேனுஷாவுக்கும் பள்ளிக்கூடம் கிட்ட."

எனக்கும் ஆசைதான். ஆனால் வியாபாரி ரத்தம். ஒரு பெரிய நடையைத் தனிப் பொறுப்பில் அக்கா முடித்துக் காட்டட்டும், பிறகு கடிதம் தருகிறேன் என்றேன். அந்த நடையும் கையில் இருந்தது. கொழும்பில் பள்ளிக்கூட ஆசிரியை ஜெனீரா. தன் மகள் ஆதிலாவோடும் இன்னும் நாலு ஆசிரியைகளோடும் எங்கள் மலையில் இரண்டு முறை நடந்தவர். ஆகஸ்ட் விடுமுறையில் கடற்கரையில் நடக்க வேண்டும், அதுவும் விஜயாதான் வர வேண்டும் என்று கேட்டிருந்தார். சிலாவத்துறைக்குத் தெற்கே ஒரு செம்பாறைக் கரையை நான் இணையத்தில் படமாகப் பார்த்து வைத்திருந்தேன். படத்தில்தான்.

அக்கா கடலைக் கிட்டத்தில் பார்த்தது அதற்கு முன் ஒரே தடவை, கதிர்காமம் போய்த் திரும்பும்போது, பஸ் ஜன்னலால்.

விடியுமுன் பண்டாரவளையில் கிளம்பிய வேன் மாலையில் அந்த மீனவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. எங்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்திருந்தவர் நிஸாம் என்ற ஐம்பது வயதுக்காரர். கடலுக்கும் போவார், ஆட்டோவும் ஓட்டுவார். எங்கள் எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன். எங்களை இறக்கியதும் முதல் வேலையாகக் கரையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். நான் வாயைப் பிளந்தேன் என்று எழுதுவதில் வெட்கம் இல்லை. கடல் பக்கம் பார்த்து நிற்கிற மண்பாறைச் சுவர், இரண்டு மூன்று ஆள் உயரம், சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் அடுக்கடுக்காக. சில இடத்தில் சுவரை விட்டுப் பிரிந்த தூண்கள் மணலில் தனியாக நின்றன. ஒரு பாறை காளான் போலத் தலை பெருத்து, கழுத்து மெலிந்து நின்றது. ஓரிடத்தில் சுவரைக் குடைந்து வாசல் போட்டிருந்தது கடல், குனியாமல் போகலாம். அக்கா அந்தப் பாறையைத் தொட்டார். சீனி மாதிரி விரலில் உதிர்ந்தது. கையைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், மறுபடி தொட்டார்.

"இது என்னா நானா, கல்லா மண்ணா?"

"கல்லாக வெளிக்கிட்ட மண் தங்கச்சி. முழுசாக் கல்லாகல்ல" என்றார் நிஸாம். பிறகு மணலில் நட்டு வைத்த புகைபோக்கி போல நின்ற ஒன்றைக் காட்டினார். வட்டமாக, செங்கல்லால் கட்டியது. "அது எங்கட வாப்பா தண்ணி அள்ளின கெணறு. அந்த நேரம் கரை அதுக்கும் அங்கால இருந்த. மண்ண எல்லாம் கடல் எடுத்திட்டு. கெணறு மட்டும் நிக்கிது."

தரைக்குள் இருக்க வேண்டிய கிணறு தரைக்கு மேலே ஆள் உயரத்துக்கு நின்றது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கள் பக்கம் மழைக்கு மலை இறங்குவதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அது மேலிருந்து வரும், சத்தத்தோடு வரும். இங்கே கீழிருந்து, சத்தமில்லாமல், நாள் தவறாமல் நடக்கிறது.

வேனுக்குத் திரும்பியதும் நிஸாம் என்னிடம் சொன்னார். "தம்பி, இந்தக் கரைய நம்பேலாது. நேத்து இருந்த பாதை இண்டைக்கு இருக்காது. நாளைக்கு நானும் தங்கச்சியும் ஒருக்கா நடந்து பாத்திட்டு வாறம். நாளண்டைக்கு ஆக்களக் கூட்டிட்டுப் போங்க."

அக்காவும் உடனே, "ஆமாங்க தம்பி. ஆழம் தெரியாம கால விடக்கூடாதுல்ல. ஒரு நடை நான் பாத்துக்கிறேனே" என்றார்.

எனக்கோ நாளை மறுநாள் பண்டாரவளையில் இன்னொரு கூட்டம் காத்திருந்தது. அதோடு, எங்கள் மலைக்காரிக்குக் கடற்கரைக்காரர் ஒருவர் பாடம் நடத்துவதா என்ற திமிரும் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். "மலையிலேயே நடந்தவங்க நீங்க. இது சும்மா தட்டை. காலையில ஆறு மணிக்குத் தொடங்குவோம். நிஸாம் நானா ஆட்டோவில சாப்பாட்டோட அந்தப் பக்கம் நிக்கட்டும்" என்றேன். அக்கா தன் தடியை எடுத்து வேனுக்குள் வைத்தார். ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. வேலை கேட்கிறவர் எவ்வளவுதான் பேச முடியும்?

மறுநாள் காலை நடை அழகாகத்தான் தொடங்கியது. அக்கா முன்னால், ஆறு பேர் நடுவில், நான் கடைசியில். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று பத்து மணிக்கு மேல் கடலைக் கிளப்பிவிடும், அதற்கு முன் முடித்துவிடுங்கள் என்று நிஸாம் சொல்லியிருந்தார். பாறைச் சுவரின் மேலே ஆட்டுப்பாதை போல ஒரு பாதை. வலது பக்கம் கீழே கடல். அக்காவின் நடை எனக்குத் தெரியும். அன்றைக்கு அது அவர் நடையாக இல்லை. பத்தடிக்கு ஒருமுறை நிற்பார், குனிந்து தரையைப் பார்ப்பார், பின்னால் திரும்பி எல்லோரையும் எண்ணுவார், மறுபடி நடப்பார். "என்ன விஜயா, கால் நோகுதா?" என்று ஜெனீரா கேட்டார். "இல்லங்கம்மா, இந்த மண்ணு பேச மாட்டேங்குது" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்றரை மணி நேரம் போனதும் பாதை அறுந்திருந்தது. புதிதாக விழுந்த இடம். மண்ணின் வெட்டு இன்னும் ஈரமாக இருந்தது. திரும்பிப் போவதா, பக்கத்தில் இருந்த ஓடைபோன்ற சரிவில் மணலுக்கு இறங்குவதா? அக்கா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து, கையால் கீழே காட்டினேன்.

சரிவின் ஓரத்தில் புதர்கள் இருந்தன. இடுப்பளவு உயரம். கடல்காற்று மேலே வளரவிடாமல் அடித்து அடித்து, கவ்வாத்து வெட்டிய தேயிலை போலவே தலையைத் தட்டையாக்கி வைத்திருந்தது. பார்த்த எனக்கே ஒரு நிமிடம் தோட்டத்தில் நிற்பது போலிருந்தது. அக்கா முதலில் இறங்கினார், தடியை ஊன்றி, எதையும் பிடிக்காமல். அடுத்து ஜெனீரா. பாதியில் அவர் கால் சறுக்கியது. பெரிய சறுக்கல் இல்லை, உட்கார்ந்திருந்தால் போதும்.

"செடியப் பிடிங்கம்மா! செடியப் பிடிங்க!" என்று கத்தினார் அக்கா.

இருபத்தாறு வருசத்துப் பழக்கம் கத்தியது. ஜெனீராவும் எங்கள் மலையில் இரண்டு முறை அந்தக் குரலைக் கேட்டு நடந்தவர்தானே. இரண்டு கையாலும் பிடித்தார். செடி சும்மா வந்துவிட்டது. செடி மட்டுமில்லை, செடி நின்ற தரையும் வந்தது. கீழே கடல் குடைந்து வைத்திருந்த இடம் அது. வேர் முழுக்க வெளியே காற்றில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மேலிருந்து எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டில் அளவு பாறை, செடி, ஜெனீரா மூன்றும் சேர்ந்து மணலில் போய் விழுந்தன.

ஆதிலா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அசையாமல் நின்றேன். அக்கா அந்தச் சரிவில் எப்படி இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. பார்க்கும்போது கீழே இருந்தார். ஜெனீராவுக்கு நினைவு இருந்தது. வலது கணுக்கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா மேலே சுவரைப் பார்த்தார், இன்னொரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஜெனீராவின் அக்குளில் கை கொடுத்துத் தண்ணீர் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனார். அந்தத் துண்டும் கொஞ்ச நேரத்தில் விழுந்தது. ஜெனீரா கிடந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். நாங்கள் தள்ளி ஒரு சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கிப் போய்ச் சேர்ந்தோம்.

போனில் சிக்னல் இல்லை. ஆட்டோ நிற்கிற இடத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீற்றர். அக்கா இரண்டு துப்பட்டாவை முடிந்து, ஜெனீராவின் இடுப்புக்குக் கீழே கொடுத்து, மறு நுனியைத் தன் நெற்றியில் மாட்டினார், கொழுந்துப் பை மாட்டுகிற மாதிரியே. முதுகில் ஏற்றிக்கொண்டு அலை காலில் படுகிற ஓரமாகவே நடந்தார். "செவுத்துக்குக் கிட்ட யாரும் வராதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனார். நானும் ஆதிலாவும் இரு பக்கமும் தாங்கினோம். காற்று எழும்பி, அலை முழங்காலுக்கு வந்தது. நூறடிக்கு ஒருமுறை நிற்பார், மூச்சு வாங்குவார், "அம்மா, மன்னிச்சுக்கங்க, நாந்தான் பிடிக்கச் சொன்னேன்" என்பார். ஜெனீரா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா வா விஜயா" என்பார்.

ஆஸ்பத்திரியில் ஜெனீராவை உள்ளே கொண்டுபோனதும் ஆதிலாவின் போனில் கொழும்பிலிருந்து ஜெனீராவின் தம்பி மிப்ரான் பேசினார். சட்டத்தரணி. போனைச் சத்தமாகப் போட்டிருந்தாள் ஆதிலா. வராந்தாவில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"யார் இதுக்குப் பொறுப்பு? எனக்கு அது மட்டும் தெரியணும்."

நான் வாயைத் திறப்பதற்குள், திறக்கலாமா என்று யோசிப்பதற்குள் என்று சொல்வதுதான் சரி, அக்கா போனுக்குக் கிட்டப் போனார். "நாந்தாங்க. நாந்தான் செடியப் பிடிக்கச் சொன்னேன். எங்க ஊருச் செடின்னு நெனச்சுட்டேங்க."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரி: முன்கூட்டியே நடந்து பார்க்க அவர் கேட்டார், நான் விடவில்லை. சொல்லவில்லை. சட்டத்தரணி என்றதும் என் அலுவலகம், வேன், பேர் எல்லாம் கண் முன்னால் ஓடின. நான் சொன்னது இது: "அவங்க கடற்கரைக்குப் புதுசு, சேர். இனிமே அனுப்ப மாட்டோம்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அறுந்த பாதையைப் பார்த்த மாதிரி பார்த்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். வேன் பத்து மணி நேரம் ஓடியது. பாவம் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தது, பழி பின் இருக்கையில். இறங்கும்போது வழக்கம்போல "வர்றேன் தம்பி" என்றார். ஒன்றாம் தேதி பெரட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போன் பண்ணவில்லை. அவரே கேட்டு வாங்கிய பழிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல, இருந்தால் எழும்பத் தோன்றியது, எழும்பினால் இருக்கத் தோன்றியது. அலுவலகத்தில் இருந்தால் கடைக்குப் போவேன், கடைக்குப் போனால் அலுவலகம் ஞாபகம் வரும். "கட்டெறும்பு மேல உட்கார்ந்தவன் மாதிரி என்னடா நெளியிற?" என்று அப்பா கேட்டார்.

செப்டம்பர் கடைசியில் மேனுஷா பள்ளிக்கூட உடுப்போடு அலுவலகத்துக்கு வந்தாள். ஒரு பையை மேசையில் வைத்தாள். நான் கொடுத்த சப்பாத்து, மழைக்கோட்டு, விசில். எல்லாம் துடைத்து வைத்திருந்தது.

"அம்மா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. லயத்துல அம்மாவுக்குப் புதுப் பேரு வச்சிருக்காங்க. கடல்ல தள்ளுனவ." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகத் திரும்பியவள் வாசலில் நின்று சொன்னாள். "இப்பல்லாம் நெரை முடிஞ்சா அம்மா அப்படியே எறங்கிர்றாங்களாம். மேல ஏறிப் பாக்கிறதில்லையாம். முழுப்பேரு வருதுன்னு கங்காணிக்குச் சந்தோசம்."

அவள் போன பிறகு அந்தச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது. வந்ததை வந்தது என்றே எழுதுகிறேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பெரட்டுக்களத்தில் நின்றேன். குளிரில் நாற்பது ஐம்பது பெண்கள், தலையில் துண்டு, முதுகில் பை. புதுக் கங்காணி ரமேஸ் என்னை விட இளையவர். "என்ன முதலாளி, பேர் பதிய வந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "கடற்கரையில நடந்தது அக்கா தப்பில்ல. மொதல்ல நடந்து பாக்கணும்னு கேட்டாங்க. நான்தான் விடல்ல. எறங்கச் சொன்னதும் நான்தான்."

ஒரு கிழவி, "ஆனைக்கும் அடி சறுக்கும், விடு" என்றாள். அது எனக்குச் சொன்னதா, அக்காவுக்கா என்று தெரியவில்லை. அக்கா வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"இங்க எதுக்குங்க தம்பி சொல்றீங்க? இவங்களா விழுந்தாங்க? அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?"

இல்லை. சொல்லவில்லை. ஐந்து வாரமாக, கால் எப்படி இருக்கிறது என்று இரண்டு குறுஞ்செய்தி அனுப்பியதோடு சரி. கங்காணி கூப்பிட்டார், அக்கா குரல் கொடுத்தார், பேர் விழுந்தது. எல்லோரும் மலைக்கு ஏறிப் போனார்கள். நான் காலியான களத்தில் நின்று ஜெனீராவுக்குப் போன் பண்ணினேன்.

முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் தம்பி. நிஸாம் உங்களிட்ட சொன்னப்ப நான் வேனுக்குள்ளதான் இருந்தேன். நீங்க எப்ப வாயத் திறப்பீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மிப்ரான் நம்பர் அனுப்புறேன். அவனிட்டயும் நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை.

பிறகு மலைக்கு ஏறினேன். அக்கா நிரையின் நடுவில் இருந்தார். விரல்கள் செடி மேல் ஓடிக்கொண்டே இருந்தன. சொல்லிவிட்டேன் என்றேன். ஜெனீராவுக்கு முன்பே தெரியுமாம் என்றேன். நிரந்தரக் கடிதம் கொண்டு வந்திருக்கிறேன், கையெழுத்தெல்லாம் போட்டாயிற்று என்று உறையை நீட்டினேன். அக்கா அதை வாங்கவில்லை.

"தம்பி, நீங்க நல்ல மனுசன்தான். வந்து சொன்னீங்க, சரி. ஆனா உங்கள நம்பி எம் பேர வெட்டிக்க மாட்டேன்."

அவர் கொழுந்தைப் பையில் போட்டுவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தக் கரை மட்டும் எனக்குத் தூக்கத்த விட மாட்டேங்குது. ஒரு மண்ணு என்னைய ஏமாத்திருச்சு பாருங்க. வர்ற போயா லீவு தானே? பஸ்சுல போறேன். நிஸாம் நானாகிட்ட நேத்தே மேனுஷா பேசிட்டா. அவரு கூட்டிட்டுப் போயி காட்டுறேன்னாரு. ஒரு தல மொதல் மறு தல வரைக்கும் நடந்து பாத்துட்டு வந்தாத்தான் எனக்கு ஆறும்."

"நான் வேன் எடுத்துட்டு வர்றேன் அக்கா."

"வேண்டாங்க. நீங்க வந்தா மணியப் பாப்பீங்க."

கீழிருந்து ரமேஸ் கங்காணி என்ன அங்கே பேச்சு என்று சத்தம் போட்டார். அக்கா அடுத்த செடிக்கு நகர்ந்தார். நான் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

அந்தப் போயாவுக்கும் போனார், அடுத்த போயாவுக்கும் போனார். நிஸாம் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுவார், தங்கச்சி தடியால தட்டித் தட்டியே எந்த இடம் கீழே குடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறார், எங்களுக்கே தெரியாத இடமெல்லாம் காட்டுகிறார் என்று. ஜெனீரா ஊன்றுகோலை விட்டுவிட்டார். மறுபடி அந்தக் கரைக்குப் போக வேண்டும், விஜயா கூட்டிப்போனால் மட்டும் என்கிறார். என்னிடம் வருகிறவர்களும் அந்த அக்கா எங்கே என்று கேட்கிறார்கள். நான் நடந்ததைச் சொல்கிறேன். சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கடிதம் மேசை லாச்சியில் இருக்கிறது. தேதி போடும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, இரண்டு முறை புதிதாக எழுதி வைத்துவிட்டேன். விஜயலெட்சுமி அக்காவின் பேர் இன்றைக்கும் தோட்டத்துச் செக்ரோலில்தான் இருக்கிறது.